ஆப்பிரிக்கப் புலம்பெயர் குடும்பத்தைத் திரையில் எழுதும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் ஏதேனும் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு நடந்துகொண்டே இருப்பதால், அதைப் பார்த்தும் அதில் வேலை செய்தும் வளர்ந்த இளைஞர்கள் பலர் இன்று தாங்களே குறும்படமும் இணையத் தொடரும் எழுதுகிறார்கள். அவர்களில் சிலர் உள்ளூர்க் கதையோடு நின்றுவிடாமல், திருப்பூருக்குப் பின்னலாடை கொள்முதல் செய்ய வந்த நைஜீரிய வணிகரையும், சென்னையில் படிக்கும் காங்கோ மாணவியையும், லண்டனிலோ ஹூஸ்டனிலோ ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் வாழும் கானா நாட்டுக் குடும்பத்தையும் எழுத விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் என்னிடம் படிக்கத் தரப்படும் திரைக்கதைகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது: அந்த மனிதர்களுக்குக் குடும்பம் இல்லை. தாய் இல்லை, தம்பி இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன் இல்லை, ஊரில் பாதியில் நிற்கும் கட்டட வேலை இல்லை. நெடுங்காலம் இந்தியத் திரையில் போதைப்பொருள் விற்பவனாகவும் அடியாளாகவும் காட்டப்பட்ட ஒருவனை இப்போது நல்லவனாகக் காட்டினால் போதும் என்று எழுதுபவர் நினைத்துவிடுகிறார். அது போதாது. அவர் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்பதை எழுத வேண்டும். அது தெரிந்துவிட்டால் அவருடைய பேச்சும் உடையும் சமையலும் தத்தம் இடத்தில் வந்து அமரும். அது தெரியாவிட்டால் எவ்வளவு செலவு செய்து உடை தைத்தாலும் அவர் வேடம் போட்டவராகவே தெரிவார்.

நாடு, ஊர், ஆண்டு, ஆவணம்

ஆப்பிரிக்கக் குடும்பம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராக உள்ள ஆப்பிரிக்க நாடுகள் 54. நைஜீரியா ஒன்றில் மட்டுமே 500க்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. ஆகவே முதல் காட்சியை எழுதுவதற்கு முன்பே, உங்கள் குடும்பம் எந்த நாட்டின் எந்த ஊரைச் சேர்ந்தது, வீட்டுக்குள் எந்த மொழி பேசுகிறது, எந்த ஆண்டில் புறப்பட்டது, எந்த ஆவணத்தின் பேரில் புதிய நாட்டுக்குள் வந்தது என்பதை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது கடைசியிரண்டை. கதையைத் தாங்குபவை அவைதான்.

1991இல் சோமாலியாவில் அரசு சரிந்து உள்நாட்டுப் போர் பரவியபின், கென்யாவின் அகதி முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் குடியமர்த்தப்பட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மருத்துவம் படித்துவிட்டு, பிரிட்டனில் தேர்வெழுதி அரசு மருத்துவமனையில் பணியேற்ற தம்பதியரை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் குடும்பத்தில் முகாமில் பிரிந்த உறவினரைத் தேடும் வேலை இன்னும் முடிந்திருக்காது. பிறப்புச் சான்று இல்லாமல் வந்தவர்கள் என்பதால் தாய்க்கும் தந்தைக்கும் பாட்டிக்கும் ஜனவரி 1 என்றே பிறந்த நாள் பதிவாகியிருக்கும். இரண்டாவது குடும்பத்தில் விசா புதுப்பிப்புக் கட்டணமும், ஊரில் இருக்கும் மாமியாரைக் குழந்தை பார்த்துக்கொள்ள வரவழைப்பதும் பேச்சாக இருக்கும். இவ்விரு குடும்பத்துக்கும் ஒரே வசனத்தை எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்ற முடியாது.

ஆவணத்தில் பிழை நேர்ந்தால் விவரம் அறிந்த பார்வையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எடுத்துக்காட்டாக, அமெரிக்கா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குலுக்கல் முறையில் குடியேற்ற விசா வழங்கிவந்திருக்கிறது. ஆனால் ஐந்தாண்டுகளில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாட்டினர் அதில் பங்கேற்க முடியாது என்பதால் நைஜீரியர்கள் பத்தாண்டுக்கும் மேலாக அதற்கு வெளியே இருக்கிறார்கள். 2020இல் அந்தக் குலுக்கலில் வென்று வந்த நைஜீரியத் தந்தை என்று எழுதினால் கதை அங்கேயே உடையும். அவரைக் கானா நாட்டவராக்கினால் நிற்கும்.

கதை தமிழ்நாட்டில் நடப்பதாக இருந்தால் நம் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைக்கும் வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் பொதுவாக 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் இங்கே பிறந்தது ஒன்றால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. ஆகவே திருப்பூரில் பிறந்து, கொங்குத் தமிழ் பேசி, அங்கேயே பள்ளிக்குப் போகும் நைஜீரியச் சிறுமிக்கும் அப்பாவின் விசா முடியும் நாள்தான் முடிவு நாள். ஒரே வீட்டில், பிறந்த நாட்டுக்கேற்ப அக்காளுக்கு ஒரு கடவுச்சீட்டும் தம்பிக்கு வேறொன்றும் இருப்பது புலம்பெயர் குடும்பங்களில் இயல்பு. வில்லன் யாரும் இல்லாமலே ஒரு முழுப்படத்துக்குரிய அச்சம் அதில் இருக்கிறது.

குடும்பத்துக்கு ஒரு பேரேடு

நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் வேலை முறை இது. பாத்திரங்களின் குணநலன்களைப் பட்டியலிடுவதற்குப் பதிலாக, அந்தக் குடும்பத்துக்கு ஒரு பேரேடு எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் யாருக்குப் பணம் அனுப்புகிறார், யார் செலவில் படித்தார், யாருடைய திருமணத்துக்குப் போக முடியாமல் போனது, யாருடைய தொலைபேசி அழைப்பை எடுக்கத் தயங்குகிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். செட்டிநாட்டில் வளர்ந்தவருக்கு இந்த வேலை கடினமாக இராது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் கணக்கும் கடிதமும் இன்னும் பல வீடுகளில் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரு குடும்பம் கடல் கடந்தும் கணக்கால் கட்டப்பட்டிருப்பதை நாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

உலக வங்கிக் கணிப்பின்படி நைஜீரியாவுக்கு வெளிநாட்டிலிருக்கும் அதன் மக்கள் அனுப்பும் தொகை அண்மைக்காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 கோடி டாலர். இந்தப் பெரிய எண்ணைத் திரையில் காட்ட வேண்டாம். அது ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதைக் காட்டுங்கள்: சம்பளம் வந்த மாலையில் தங்கையின் கல்லூரிக் கட்டணம், சித்தப்பாவின் மருந்து, ஊர்த் தேவாலயத்தின் கூரை நன்கொடை என மூன்று குறுஞ்செய்திகள் வருகின்றன, கணவனும் மனைவியும் அவற்றில் எதைத் தள்ளிவைப்பது என்று பேசுகிறார்கள், மனைவியின் தம்பிக்கும் கணவனின் தங்கைக்கும் இடையில் தராசு சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை உரக்கச் சண்டையாக எழுதாதீர்கள். இத்தகைய பேச்சு பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போதோ காரில் போகும்போதோ தாழ்ந்த குரலில்தான் நடக்கும்.

பணம் போகும் வழியும் நாட்டுக்கு நாடு வேறு. வங்கிகள் சிதைந்துபோன சோமாலியாவுக்கு ஹவாலா வழிப் பண நிறுவனங்களே உயிர்நாடியாக இருந்தன. 2013இல் பிரிட்டனில் ஒரு பெரிய வங்கி அத்தகைய நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தபோது, அங்கிருந்த சோமாலியக் குடும்பங்கள் அடுத்த மாதம் ஊரில் அடுப்பு எரியுமா என்று பதறின. அந்த ஆண்டில் லண்டனில் நடக்கும் கதையை எழுதுபவருக்கு இதைவிடக் கூர்மையான முடிச்சு தேவையில்லை.

சேமிப்பும் நமக்குப் பழகிய வடிவில்தான் இருக்கிறது. கானாவில் சுசு, நைஜீரியாவின் யொருபா மக்களிடம் எசுசு, எத்தியோப்பியாவில் எக்குப், பிரெஞ்சு பேசும் நாடுகளில் டோன்டீன் என்று பெயர் மாறினாலும், குறிப்பிட்ட சிலர் மாதந்தோறும் சமமாகப் போட்டு, முறைவைத்தோ குலுக்கியோ ஒருவர் முழுத்தொகையை எடுப்பதுதான் ஏற்பாடு. நம் குலுக்கல் சீட்டைப் போலவே இதிலும் பொதுவாக ஏலத் தள்ளுபடி கிடையாது. எழுத்து மூலமான ஒப்பந்தம் பெரும்பாலும் இருக்காது. முதலில் எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டுவார் என்ற நம்பிக்கைதான் ஆதாரம். எத்தியோப்பியர்களிடம் இதோடு இத்திர் என்ற சாவுச் சங்கமும் உண்டு. இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவை வெளிநாட்டுச் சமூகமே பகிர்ந்துகொள்கிறது. கதையில் ஒரு சாவு வருமானால், அழுகைக் காட்சிக்கு முன்பு இந்தப் பணம் திரட்டும் காட்சியை எழுதுங்கள். யார் வந்தார், யார் வரவில்லை, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதில் அந்தக் குடும்பத்தின் வரலாறே வெளிப்பட்டுவிடும்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் பகுதி எழுத்தாளருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் கண் உண்டு என்று நம்புகிறேன். நைஜீரியா, கானா, செனகல் ஆகிய நாடுகளிலிருந்து சென்றவர்களில் பலர், தாங்கள் வாழும் நகரில் சிறு வாடகை வீட்டில் நெருக்கிக்கொண்டு, சொந்த ஊரில் பெரிய வீடு கட்டுகிறார்கள். நைஜீரியாவின் இக்போ மக்களிடையே கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தந்தைவழிக் கிராமத்துக்குத் திரும்புவதும், அங்கே தனக்கென்று ஒரு வீடு வைத்திருப்பதும் மதிப்புக்குரிய கடமையாகக் கருதப்படுகின்றன. வீடு ஒரே மூச்சில் கட்டப்படுவதில்லை. இந்த ஆண்டு அடித்தளம், அடுத்த ஆண்டு சுவர், பணம் வரும்போது கூரை என்று ஆண்டுக்கணக்கில் வளரும். சிமெண்டு வாங்குபவர் ஊரில் இருக்கும் தம்பி. அதைப் படமெடுத்து அனுப்புபவரும் அவரே. சென்ற மாதம் அனுப்பிய படத்தில் இருந்த அதே செங்கல் அடுக்குதான் இந்த மாதமும் இருக்கிறதோ என்ற ஐயம் அண்ணனுக்கு வரும். கேட்டால் உறவு முறியும், கேட்காவிட்டால் பணம் கரையும். அந்தத் தம்பியைத் திருடனாக எழுதிவிடாதீர்கள். அவருக்கும் ஒரு பேரேடு உண்டு: அண்ணன் போனதால் தாயைப் பார்த்துக்கொள்ள நின்றவர் அவர்.

இந்தக் கதைக்குப் பொருளாதாரமும் துணை நிற்கும். நைஜீரிய அரசு 2023 ஜூனில் நைராவின் மாற்று விகிதத்தைச் சந்தைக்கு விட்டபோது டாலருக்கு 460 அளவில் இருந்த மதிப்பு, மறு ஆண்டில் 1,500 வரை சரிந்தது. ஹூஸ்டனிலிருந்து டாலர் அனுப்பும் செவிலியின் வீட்டுக்கு அது மேல்தளம் கட்ட வாய்ப்பு. விலைவாசி ஏறியதால் ஊரில் கையேந்துபவர்களின் எண்ணிக்கை கூடியதும் அதே காரணத்தால்தான். திருப்பூரில் பனியன் வாங்கி லாகோஸில் நைராவுக்கு விற்கும் வணிகருக்கோ அது கடை சாத்தும் செய்தி. உங்கள் குடும்பம் இவற்றில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பெயரும் அழைக்கும் முறையும்

சோமாலியாவிலும் எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் வழக்கமில்லை. பிள்ளையின் பெயருக்குப் பின் தந்தை பெயர், அதன்பின் பாட்டனார் பெயர் வரும். திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. ஆகவே தாய், தந்தை, மகள் மூவருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருக்கும். விமான நிலையத்தில் இவள் உங்கள் மகள்தானா என்று அதிகாரி கேட்பார். முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்லிப் படிவம் திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்ப் பார்வையாளருக்கு இந்தக் காட்சி விளக்கமின்றிப் புரியும். கானாவின் அக்கான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயராகும்: வெள்ளிக்கிழமை ஆண் குழந்தை கோஃபி, சனிக்கிழமைப் பெண் குழந்தை அமா, ஞாயிற்றுக்கிழமைப் பெண் குழந்தை அகோசுவா. பள்ளிக்கு ஓர் ஆங்கிலப் பெயரும் வீட்டுக்கு ஒரு கிழமைப் பெயரும் இருக்கும் சிறுவனை எந்தக் காட்சியில் யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்பதைப் பிரதி முழுவதும் ஒரே ஒழுங்கில் வைத்திருங்கள்.

மரியாதை வடிவங்களை அலட்சியம் செய்வது பெரும்பிழை. யொருபாவில் பெரியவரைப் பன்மையில்தான் விளிக்க வேண்டும். மகன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவான், மகள் மண்டியிடுவாள், வெளிநாட்டு நகரில் அது சற்றே குனிந்து தரையைத் தொடும் அளவுக்குச் சுருங்கியிருக்கலாம், ஆனால் அடியோடு மறைந்திராது. தாயை முதல் பிள்ளையின் பெயரோடு சேர்த்து, இன்னாரின் தாய் என்ற பொருளில் இயா என்று தொடங்கி அழைப்பார்கள். காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவராகத் தங்கும் ஒரு நைஜீரியரின் குடும்பத்தை எழுதுவீர்களானால், வீட்டுக்கார ஆச்சி அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லாமல் பிள்ளையின் பெயரோடு அம்மா சேர்த்துக் கூப்பிடுவார்; அந்தப் பெண்ணுக்கு அது அந்நியமாக இராது. அதே காட்சியில் அவள் ஆச்சியைப் பெயர் சொல்லி அழைப்பதாக எழுதினால், இரண்டு பண்பாட்டுக்கும் ஒருசேரத் தவறிழைத்தவராவீர்கள்.

மொழியைப் பொறுத்தவரை, ஆப்பிரிக்க உச்சரிப்பு என்று ஒன்றைக் கற்பனை செய்து நடிகரைப் பேசவைக்காதீர்கள். காங்கோக் குடியரசிலிருந்து வந்தவர் பிரெஞ்சும் லிங்காலாவும் பேசுவார். அங்கோலாக்காரர் போர்த்துக்கீசியம் பேசுவார். ஆங்கிலக் கலப்பில் பிறந்த நைஜீரியப் பிட்ஜின் தனி இலக்கணம் கொண்ட மொழி, பிழையான ஆங்கிலம் அன்று. பெற்றோர் வீட்டில் தாய்மொழியில் கேட்க, பிள்ளைகள் தாங்கள் வாழும் நாட்டின் மொழியில் பதில் சொல்வதே பெரும்பாலான வீடுகளின் நடைமுறை. இதை அப்படியே பதிவு செய்து கீழே எழுத்தில் மொழிபெயர்ப்புக் கொடுங்கள். எல்லாவற்றையும் தமிழில் பின்னணிக் குரல் கொடுத்து மூடிவிட்டால் குடும்பத்தின் பாதி அழிந்துவிடும். தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்கு அந்த ஊர்த் தமிழையே கொடுங்கள். கொச்சைத் தமிழ் பேசிச் சிரிப்பூட்டும் வெளிநாட்டவர் என்ற பழைய உத்தி குழந்தையின் மீது பாயும்போது அது கொடுமையாகிறது.

அடுப்படி

உணவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை; ஒரே ஒரு பொருளைச் சரியாகக் காட்டினால் போதும். இக்போ சமையலில் இடம்பெறும் காய்ந்த நார்வே மீன், 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போரின்போது நிவாரணப் பொருளாக வந்து மேலும் பரவியது. அதை ஊறவைக்கும் பாட்டிக்குப் பஞ்ச காலத்தின் நினைவு இருக்கும், பேரனுக்கு நாற்றம் மட்டுமே தெரியும். எத்தியோப்பிய வீட்டில் பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்து மூன்று சுற்று பரிமாறுவது ஒரு மணி நேரத்துக்கும் மேலான வேலை. வந்தவர் முதல் சுற்றோடு எழுந்துபோனால் அதுவே ஒரு செய்தி. இக்போ வீட்டில் விருந்தாளிக்குக் கோலாக் கொட்டையை வைத்து மூத்தவர் இக்போ மொழியில் வேண்டுதல் சொல்லி உடைப்பார். மொழி தெரியாத பேரப்பிள்ளைகள் எந்த இடத்தில் ஆமென் சொல்ல வேண்டும் என்று அத்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். வலக்கையால் உண்பது நமக்கும் அவர்களில் பலருக்கும் பொது. அதை வியப்போடு அண்மைக் காட்சியில் காட்ட வேண்டியதில்லை.

நேரத்தையும் கவனியுங்கள். காரைக்குடியில் இரவு 10 மணி என்றால் லாகோஸில் மாலை 5.30, அங்கே தாய் இன்னும் கடையில்தான் இருப்பார். எத்தியோப்பியாவில் பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுவதால் அங்கே பொழுது நம் கணக்கில் காலை 7 ஆகும்போது அவர்களுக்கு 1 மணி. நாட்காட்டியும் வேறு, நம் 2025 செப்டம்பர் 11 அன்று அவர்களுக்கு 2018 பிறந்தது. கைப்பேசித் திரையை அண்மையில் காட்டும் இயக்குநர்கள் இத்தகைய இடத்தில்தான் கவனம் தவறுகிறார்கள்.

செட்டிநாட்டு அனுபவம் எங்கே துணை, எங்கே தடை

நம் முன்னோர் கதையை எடுத்து அவர்கள் மேல் போர்த்துவது எளிது. அதைச் செய்யாதீர்கள் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். நகரத்தார் பர்மாவுக்கு முதலோடு போனார்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் நிழலில் கடன் கொடுப்பவர்களாகப் போனார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடானது. பர்மிய உழவரின் கண்ணில் அவர்கள் வலியவர்கள். டெல்லியில் வாடகை வீடு கேட்டு அலையும் நைஜீரியக் குடும்பத்தின் நிலை அதுவன்று. 2017 மார்ச்சில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஒரு வதந்தியை நம்பிய கூட்டம் ஆப்பிரிக்க மாணவர்களைத் தாக்கியது. தோல் நிறத்துக்காகவே ஐயத்துக்கு உள்ளாகும் அச்சத்தை நகரத்தார் கதையிலிருந்து கடன் வாங்க முடியாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் ஆடவர் தனியே போனார்கள், தவணை முடிந்து திரும்பினார்கள். ஆச்சிமார் இங்கே வளவு வீட்டையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார்கள். இன்றைய ஆப்பிரிக்கக் குடும்பங்களிலோ செவிலியாகவோ முதியோர் பராமரிப்பாளராகவோ பெண் முதலில் போய், பிறகு கணவனையும் பிள்ளைகளையும் வரவழைப்பது பரவலாக நடக்கிறது. ஊரில் வங்கி மேலாளராக இருந்த கணவன் புதிய ஊரில் மனைவியின் சம்பளத்தில் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டின் இறுக்கத்தை எழுத நம் பர்மாக் கதைகள் உதவா. நம்மிடம் உள்ளது கேள்விகள்: பணம் யார் கையில், வீடு யார் பெயரில், தாய்க்குக் கொள்ளி வைக்க யார் போவார்? விடையை அந்தக் குடும்பங்களிடமிருந்துதான் பெற வேண்டும்.

பெறுவதற்கும் ஒரு முறை உண்டு. கதை கேட்கப் போகும்போது பேட்டிக் கட்டணம் கொடுங்கள். அடைக்கல விண்ணப்பம், விசா நிலை ஆகியவற்றைத் தாமாகச் சொன்னாலும் ஊரையும் ஆண்டையும் மாற்றி எழுதுங்கள். ஒரு படத்தின் வசனம் ஒரு குடும்பத்தின் வழக்கைக் கெடுத்துவிடக் கூடாது. உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று தொடங்காமல், இந்த வாரம் ஊருக்கு யார் யாரிடம் பேசினீர்கள் என்று தொடங்குங்கள். முன்னதற்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். பின்னதற்கு அவரவர் குடும்பம் வெளிவரும்.

நடிகர் தேர்வும் ஒளியும்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலும் குஜராத்திலும் பல நூற்றாண்டுகளாக வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இன மக்களை அழைத்து நைஜீரியராக நடிக்கவைக்கும் குறுக்குவழி சிலருக்குத் தோன்றுகிறது. அவர்கள் கன்னடமும் கொங்கணியும் குஜராத்தியும் பேசும் இந்தியர்கள். அவர்களுக்கு லாகோஸ் தெரிய வேண்டிய அவசியமில்லை. நைஜீரியத் திரைத்துறை உலகின் பெரிய திரைத்துறைகளுள் ஒன்று. அங்கே பயிற்சி பெற்ற நடிகர்கள் ஏராளம். பெரிய செலவு முடியாதென்றால், சென்னை, பெங்களூரில் படிக்கும் மாணவர்களில் கதைக்குரிய மொழியைப் பேசுபவரைத் தேடுங்கள். தமிழ் நடிகருக்குத் தரும் அதே ஊதியத்தை, அதே ஒப்பந்த வடிவில் தாருங்கள். நடிக்க அனுமதிக்கும் விசா தேவையா என்பதை முன்கூட்டியே உறுதி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. அதை மாணவரின் தலையில் கட்டக் கூடாது.

செட்டிநாட்டு வீட்டில் படம்பிடிப்பவர்களுக்கு ஒளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சுவர்களின் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்ந்த மெருகுப் பூச்சு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அடிக்கும். முற்றத்தின் உச்சி வெயில் வேறு சேரும். கருவி தானாக அளந்தால் வெள்ளைச் சுவரைச் சமன்செய்யப் பார்த்து முகத்தை இருட்டில் தள்ளிவிடும். ஒளியளவை முகத்தில் எடுங்கள், சுவரை அளவாகக் கொள்ளாதீர்கள். நடிகரைச் சுவரிலிருந்து விலக்கி, பர்மாத் தேக்குத் தூணும் இரண்டாங்கட்டின் நிழலும் பின்னால் இருக்கும்படி நிறுத்துங்கள். கருந்தோல் ஒளியை மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் இயல்புடையது; ஆகவே நேரே முகத்தில் கடும் விளக்கை அடிப்பதைவிட, பெரிய வெள்ளைத் துணி வழியாகப் பக்கவாட்டில் வரும் மென்மையான ஒளி கன்னத்தின் வடிவத்தை எடுத்துக் கொடுக்கும். பவுடர் பூசி மங்கவைக்காமல் சிறிது ஈரப்பத எண்ணெய் தடவுவது நல்லது. பின்னல் சடை போடும் காட்சி வைத்தால், அது பல மணி நேர வேலை என்பதை நினைவில் வைத்து, தொடர்ச்சிக்கேற்பப் படப்பிடிப்பு நாளைத் திட்டமிடுங்கள். தாயின் முழங்கால்களுக்கிடையில் மகள் அமர்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் வீட்டின் முக்கியமான பேச்சுகள் நடக்கும் என்பதால் எழுதுபவருக்கும் அது நல்ல இடம்.

முதல் தொகுப்பு முடிந்ததும், இறுதி ஒலிச்சேர்க்கைக்கு முன்பு, அந்த நாட்டையும் மொழியையும் சேர்ந்த குறைந்தது இரு குடும்பங்களுக்குத் திரையிட்டுக் காட்டுங்கள். ஒருவரை மட்டும் கேட்டால் அவருடைய விருப்பு வெறுப்பே முழு நாட்டின் கருத்தாகிவிடும். ஒரு குடும்பத்தில் பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் சேர்ந்து பார்ப்பது நல்லது, ஏனெனில் இருவரும் வெவ்வேறு இடத்தில் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்வதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் முன்பே தொகை ஒதுக்கி, ஆலோசகர் என்று பெயர்ப் பட்டியலில் இடமும் அதற்குரிய ஊதியமும் கொடுங்கள். கீழ்வரி மொழிபெயர்ப்பையும் அவர்களில் ஒருவரே சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகு படத்தை வெளியிடுங்கள்.